பூட்டாளர் இலக்கணம்

கடையில் பூட்டி வைத்திருக்கும் கொம்பியூட்டரை விட்டுவிட்டு, பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தன் கையாலேயே பூட்டப் புறப்படும் இளைஞருக்கு நம் சமூகம் இன்னும் ஒரு பெயர் வைக்கவில்லை. பூட்டாளர் என்று வைத்துக்கொள்வோம். மட்டக்களப்பு அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் ஆளுக்கு ஆள் விசாரித்தால் ஒருவராவது அகப்படுவார். வயது பதினெட்டுக்கும் இருபத்துமூன்றுக்கும் இடையில் இருக்கும். வீட்டில் மண்வெட்டிப் பிடி கழன்றால் அப்பாவைக் கூப்பிடுவார். தண்ணீர்க் குழாய் ஒழுகினால் வாளியை வைத்துவிட்டுப் போவார். ஆனால் கொம்பியூட்டர் மட்டும் இவர் கையால்தான் ஆகவேண்டும். ஏன் என்று கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்: காசு மிச்சம், கைத்திறன் வளரும். இரண்டுமே பிழை என்பதும், பிழையாக இருந்தாலும் அவரைத் தடுக்கக் கூடாது என்பதும்தான் இக்கட்டுரையின் கட்சி.

பூட்டாளர் வாழ்வில் மிக நீண்டது பட்டியல் பருவம். பூட்டி முடிக்க அரை நாள் போதும். எதைப் பூட்டுவது என்று முடிவெடுக்க ஆறு மாதமும் போதாது. ஏஎம்4 சொக்கெட்டா ஏஎம்5 சொக்கெட்டா, டிடிஆர்4 ராமா டிடிஆர்5 ராமா என்று கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுவார், வெட்டுவார், மறுபடி எழுதுவார். அது உயர்தரப் பௌதிகவியல் கொப்பி. முன்பக்கம் அவ்வளவு நிரம்பியிருக்காது. இன்டெல் ப்ராசஸரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதனால் தானாகப் படம் காட்ட முடியாது, கிராபிக்ஸ் கார்ட் தனியாக வேண்டும் என்ற உண்மையை, கேட்டவருக்கும் கேளாதவருக்கும் விளக்குவார். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்கு ஏறியபோது அந்தக் காலத்துப் பூட்டாளர்களின் கொப்பியில் வெட்டு விழாத வரியே இருந்திருக்காது. காலையில் கண் விழித்ததும் மத்திய வங்கியின் நாணய மாற்று விகிதத்தைப் பார்ப்பவர்கள், இறக்குமதியாளருக்கு அடுத்தபடியாக இவர்கள்தான். ஒரு டொலர் நோட்டைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை என்பது வேறு விடயம். பட்டியல் முற்றியதும் சாமான் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலிருந்துதான் வரவேண்டும். கொழும்பில் வேலை செய்யும் மச்சான் கிராபிக்ஸ் கார்ட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உதயதேவி ரயிலில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆடாமல் அசையாமல் வருவார். அவர் சுகமாக வந்து சேர்ந்தாரா என்று விசாரிக்கப்படுவது பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான்.

இப்போது மிச்சக் கணக்கைப் பார்ப்போம். பெரிய கம்பனிகள் பாகங்களை ஆயிரக்கணக்கில் மொத்தமாக வாங்குகின்றன. பூட்டாளர் ஒன்றொன்றாகச் சில்லறையில் வாங்குகிறார். மொத்த வியாபாரியைச் சில்லறைக்காரர் விலையில் வென்றதாக எந்தச் சந்தையிலும் வரலாறு இல்லை. பாகம் விற்கும் கடையே சிறு கூலிக்குப் பூட்டித் தந்துவிடும் என்பதால், இவர் மிச்சம் பிடிப்பது அந்தக் கூலியைத்தான். அதுவும் வீடு வந்து சேர்வதில்லை. பக்கம் கண்ணாடியான கேசிங், நிறம் மாறும் காற்றாடிகள், விளக்கெரியும் ராம் என்று கரைந்துவிடுகிறது. ராமுக்கு எதற்கு வெளிச்சம்? இருட்டிலும் அது நினைவில் வைத்திருக்குமே என்று கேட்பவரைப் பூட்டாளர் இரக்கத்தோடு பார்ப்பார். விளக்குச் செலவுக்கு ஈடாக வெட்டு விழுவது எப்போதும் பவர் சப்ளையில். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டாகப் பங்கிட்டுக் கொடுப்பது அது. மட்டமானதாக இருந்தால் தனியாகச் சாகாது. மதர்போட்டையும் கூட அழைத்துக்கொண்டு போகும். மாரியில் இடி மின்னலோடு கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் முதல் காசு அதற்கல்லவா போகவேண்டும்? ஆனால் அது கேசிங்கின் அடியில் மறைந்திருக்கிறது, மச்சான்மார் கண்ணில் படாது. ஆகவே பட்டியலில் அதற்குக் கடைசி இடம்.

அடுத்தது கைத்திறன். வீட்டில் பூட்டும் கொம்பியூட்டருக்கு மூதாதை, 1975 ஜனவரியில் பொப்பியுலர் இலெக்ட்ரோனிக்ஸ் சஞ்சிகையின் அட்டையில் வந்த ஆல்டேர் 8800. அதை 397 டொலருக்குப் பாகங்களாக வாங்கியவர் இரவிரவாக ஈயம் பற்றவைத்தார். பலனாகக் கிடைத்தது 256 பைட் நினைவகமும், முன்பலகையில் மினுங்கும் சிவப்பு விளக்குகளும். அரை நூற்றாண்டு கழிந்தும் விளக்கு மினுங்குகிறது, ஈயந்தான் போய்விட்டது. ஆணித் துளை எங்கே வரவேண்டும் என்பதை இன்டெல் 1995 இல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவே தீர்த்துவிட்டது. ஆகையால் ஒரு கம்பனியின் மதர்போட் இன்னொரு கம்பனியின் கேசிங்கில் பிசகாமல் உட்காரும். ராமில் ஒரு வெட்டு, ப்ராசஸர் மூலையில் ஒரு முக்கோணம், பவர் வயர் முனையில் ஒரு கொளுக்கி என்று, பிழையான பக்கம் போகாதபடிதான் எல்லாம் செய்யப்பட்டிருக்கின்றன. அப்படியும் மிஞ்சிய சில பிழைகளைப் பூட்டாளர் தேடிப் பிடித்துச் செய்வார். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மாட்டார். மொனிட்டர் வயரைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போட்டில் செருகுவார். எஃப் எழுத்தைப் பற்றி ஆறு மாதம் வகுப்பெடுத்தவரும் இவர்தான். அம்மம்மா சந்தனப் பொட்டு வைத்து, குடும்பமே சுற்றி நிற்க, சுவிட்சைத் தட்டினால் காற்றாடி சுழலும், விளக்கு மின்னும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். “படம் வரல்லயே மனே, மறுகா ஒருக்காக் கழட்டிப் பூட்டிப் பாரன்” என்பார் அம்மம்மா. உலகத்துத் தொழில்நுட்ப வல்லுநர் அனைவரும் சொல்லும் முதல் ஆலோசனை அதுதான் என்பது அவருக்குத் தெரியாது.

காசும் மிஞ்சவில்லை, திறனும் பெரிதாகத் தேவைப்படவில்லை என்றால் இந்தக் கூத்தை ஏன் அனுமதிக்கவேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் பூட்டும் நாளில் இல்லை, அதற்குப் பின் வரும் வருடங்களில் இருக்கிறது. பூட்டாளர் அன்று கற்றது பொறியியல் அல்ல. மூடியைத் திறந்தால் ஒன்றும் வெடிக்காது என்பதை மட்டுமே கற்றார். ஊரில் பெரும்பாலானோருக்கு இல்லாத தைரியம் அது. வாவிப் பக்கத்து ஈர உப்புக் காற்றில் உலோகம் சீக்கிரம் மங்கும். தூசி காற்றாடியில் அப்பும். செத்துவிட்டதாக வீட்டார் முடிவுகட்டும் மெஷின்களில் பலவற்றுக்கு வைத்தியம், ராமைக் கழற்றிப் பொன்னிற முனையை அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் செருகுவதுதான். இந்த வித்தை தெரிந்தவர் ஒழுங்கையில் இருக்கிறார் என்ற செய்தி பரவ ஒரு கிழமை போதும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வரும் சின்னம்மாவின் பையில் வேட்டி சேலையோடு ஒரு பழைய லப்டொப்பும் இருக்கும். “நீதானே மனே பூட்டினாய், இதையும் ஒருக்காப் பாரு” என்ற ஒரு வசனத்துக்கு மறுமொழி எந்தக் கொப்பியிலும் இல்லை. கடைக்காரருக்குக் கொடுக்கவேண்டிய ஒருநாள் கூலியை மிச்சம் பிடிக்கப் போனவர், உறவு முழுவதற்கும் ஆயுட்காலக் கூலியில்லா வேலைக்காரராகிறார். சம்பளம் பிளேன்டீயும் இரண்டு வடையும்.

கையில் போன் இருக்கும்போது இந்தப் பெட்டி எதற்கு என்பார் சிலர். போனை யாரும் திறந்து பழகுவதில்லை. ஒட்டி மூடித்தான் விற்கிறார்கள். பல லப்டொப்புகளிலும் இப்போது ராமை ஈயத்தால் பற்றவைத்தே அனுப்புகிறார்கள், கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது. கழற்றிப் பூட்டிப் பழகுவதற்கு மிச்சமிருப்பது இந்தப் பெட்டிதான். பொடியன் படிப்புக்கென்று சொல்லி வாங்கிக் கேம் அல்லவா விளையாடுகிறான் என்பது இன்னொரு வாதம். உண்மைதான். படிப்புக்கு மட்டுமென்றால் அவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்ட் வேண்டியதில்லை. ஆனால் கேம் நின்றுபோனால் விடியுமுன் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார். பாடம் நின்றுபோனால் அந்த அவசரம் வராது. ஊருக்கு வேண்டியது அவசரப்படும் வைத்தியர். ஆகவே பெற்றோருக்குச் சொல்ல இரண்டே விடயம்: பவர் சப்ளைக்குரிய காசை விளக்குக்குத் திருப்ப விடாதீர்கள், பொடியன் காட்டும் மிச்சக் கணக்கை நம்பாமலே நம்பியதுபோல் தலையாட்டிக் காசைக் கொடுங்கள். பத்து வருடம் ஒழுங்கைக்கே இலவசமாக உழைக்கப்போகிறவரிடம் இப்போதே கணக்குக் கேட்டால், அவரும் திருப்பிக் கணக்குக் கேட்கத் தொடங்கிவிடுவார்.