ஷிப்மென்ட் தேதி இல்லாத ஆர்டர்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வை அனுமதிக்கின்றன. விண்ணப்பிப்பவர் தாம் வேலை பார்க்கும் இடத்தில் தடையின்மைச் சான்று வாங்கித் தர வேண்டும். ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க அவருடைய வேலை அனுமதிக்கிறது என்று அதில் இருக்க வேண்டும். திருப்பூரில் எக்ஸ்போர்ட் ஆர்டர்களைக் கவனிக்கும் ஒரு மெர்ச்சண்டைசருக்கு இதில் கையெழுத்துப் போடும் முதலாளி, ஆய்வு என்றால் என்னவென்று தெரியாதவராக இருப்பார். அல்லது மெர்ச்சண்டைசர் என்ன செய்கிறார் என்று தெரியாதவராக இருப்பார்.

நேரத்தைத் திட்டமிடக் கற்றுக்கொள்ள இந்த ஊரை விட்டால் வேறு ஊர் இல்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர் உறுதியானதும் 'டி அண்ட் ஏ' என்ற கால அட்டவணை தயாராகும். அதைக் கடைசியிலிருந்து போடுவார்கள். தூத்துக்குடியில் சரக்கு கப்பலேற வேண்டிய தேதியை முதலில் குறித்து, பேக்கிங், அயர்னிங், செக்கிங், தையல், கட்டிங், காம்பாக்டிங், டையிங், நிட்டிங் என்று பின்னோக்கி வந்து நூல் வாங்கும் நாளில் நிறுத்துவார்கள். நடுவில் டையிங் சொதப்பினால் தையல் ஒன்றரை ஷிப்ட் ஓடி ஈடுகட்டும். அதற்கும் மேல் தாமதமானால் சரக்கு விமானத்தில் போகும், செலவு கம்பெனி தலையில் விழும், அந்த ஆர்டரின் லாபமும் கூடவே பறந்துவிடும்.

இத்தனையும் அறிந்த மெர்ச்சண்டைசர் ஆய்வேட்டுக்கு உட்கார்ந்ததும் முன்னோக்கி எண்ணத் தொடங்குகிறார். முதலில் நூல்களைப் படிப்பது, தீபாவளிக்குப் பிறகு களப்பணி. தீபாவளிக்குப் பிறகு என்பது திருப்பூரில் ஒரு தேதியே அல்ல. போனஸோடு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வர வேண்டும். வந்தாலும் டெய்லரும் அவருக்கு உதவும் கைமடியும் கைக்குச் சிக்குவது சனிக்கிழமை சாயங்காலம், சம்பளக் கவரோடு. அந்த நேரத்தில் அவர்களை மறித்து, பணியில் மனநிறைவு உண்டா என்று ஐந்து விடைகளில் ஒன்றை டிக் செய்யச் சொன்னால் எல்லாவற்றுக்கும் 'முழு நிறைவு' என்றே விழும். ஆய்வின் முடிவு அமோகமாக இருக்கும்.

முன்னுரிமைகளும் தலைகீழ்தான். முதலில் முடிவது நன்றியுரை, அடுத்து அட்டையின் நிறம். நூலே வராத ஆர்டருக்கு அட்டைப்பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை இது. பேக்கிங் செக்‌ஷனில் யாராவது செய்தால் இதே மெர்ச்சண்டைசர் கத்தித் தீர்த்துவிடுவார். சாய நிறத்தின் மாதிரியான லேப் டிப்புக்குப் பையர் ஒப்புதல் தரும் வரை கம்பெனியில் அவர் பத்து வேலையை நகர்த்துவார். இரண்டாம் இயலை நெறியாளருக்கு அனுப்பிவிட்டாலோ பதில் வரும் வரை ஓய்வு. நெறியாளருக்கும் ஓய்வுதான்.

திருப்பூர் ஆய்வேடுகள் முடியவே முடியாதவை என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகத்தில் பமீலா காதோர்ன் 1990இல் முடித்திருக்கிறார். ஒரே ஆலையைப் பெருக்காமல் சிறு யூனிட்டுகளாகப் பிரிந்து வளரும் பனியன் தொழிலை அவர் அமீபாவோடு ஒப்பிட்டார். உள்ளூர் ஆய்வாளரின் இயல்களும் அப்படியே பிரிகின்றன, வளர்வதுதான் இல்லை.

விதிப்படி கெடு ஆறு ஆண்டுகள். மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு, பெண்களுக்கு மேலும் இரண்டு. இவ்வளவு தாராளமான பையரை அவிநாசி ரோட்டில் யாரும் பார்த்ததில்லை. கெடு தள்ளினால் விமானச் செலவு கேட்க ஆளில்லை என்பதால், ஐந்தாம் ஆண்டின் இறுதியில்தான் ஆய்வாளர் முதன்முதலாகப் பின்னோக்கி எண்ணிப் பார்க்கிறார். அப்போது ஒன்றரை ஷிப்ட் போதாது.

சமர்ப்பித்தபின் மதிப்பீடும் வாய்மொழித் தேர்வும் ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும். இந்தக் கெடு பல்கலைக்கழகத்துக்கு உரியது. ஆய்வாளர் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் நிம்மதியாக உட்கார்ந்து கவலைப்பட அவருக்கு நேரம் கிடைப்பதே அப்போதுதான்.