மாக் மண்டினில் பிள்ளை பெற்ற கதை

பட்டர்வொர்த்தில் இருக்கும் எங்கள் மாக் மண்டினில் இப்போது யாரும் பிறப்பதில்லை. இருக்கிறார்கள், பிழைக்கிறார்கள், தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள், திருவிழா நாளில் காடி நிறுத்த இடமில்லாமல் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கிறார்கள். பிறப்பதற்கு மட்டும் செபராங் ஜெயாவுக்கோ, பாலம் ஏறிப் பினாங்குத் தீவுக்கோ போய்விடுகிறார்கள். சுதந்திரத்துக்கு இரண்டு வருஷம் முந்தி, தொழிற்பேட்டை என்ற பேச்சே எழாத நாளில், அத்தாப்புக் கூரை வீடொன்றில் பிறந்த என் வயதுக்காரர்கள்தான் ‘நான் இந்த மண்ணிலேயே விழுந்தவன்டா’ என்று பேரப்பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்ளும் கடைசிக் கூட்டமாக இருப்போம்.

என்னைக் கையில் ஏந்தியவர் ஒரு மலாய்க்கார மருத்துவச்சி. மாக் பிடான் என்பதற்கு மேல் அவருக்கு ஒரு பெயர் இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை. தமிழ் வீடு, மலாய் வீடு, பின்வரிசைச் சீன வீடு என்று பார்க்காமல், வெற்றிலைச் செல்லமும் குடையுமாக வந்து இறங்குவாராம். வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, வீட்டு ஆம்பிளையை வெளியே துரத்துவது. அம்மா சொல்வாள்: அப்பாவைத் தேங்காய் வாங்கிவரச் சொல்லி அனுப்பினார், அவர் வாங்கி வந்ததும் வெற்றிலைக்கு அனுப்பினார், அதையும் கொண்டுவந்ததும் மண்ணெண்ணெய்க்கு அனுப்பினார். பிரசவத்துக்கு மண்ணெண்ணெய் அவசியம் என்று அப்பா சாகும்வரை நம்பிக்கொண்டிருந்தார். பெற்றவள் நடந்தாள், கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள், குத்தவைத்து உட்கார்ந்தாள், அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உலகத்திலுள்ள அத்தனை பேரையும் ஏசினாள். அதன் பிறகு நான் வந்தேன். விடிந்ததும் அப்பா போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் பிறப்பைப் பதிந்தார். அங்கே இருந்தவர் காதில் விழுந்த மாதிரி எழுதிய பெயரோடும், நான் பிறந்ததற்கு மறுநாள் தேதியோடும்தான் எழுபது வருஷமாகக் காலந்தள்ளுகிறேன். இதனால் எனக்கு ஜாதகம் ஒரு ராசியும் அரசாங்கம் ஒரு ராசியும் கொடுத்திருக்கின்றன. இரண்டில் எது நல்ல பலன் சொல்கிறதோ அதை எடுத்துக்கொள்வேன்.

இதை இனிக்க இனிக்கச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. 1957-ல் இந்த நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ 280 தாய்மார் செத்தார்கள். எங்கள் வரிசையிலேயே, எந்த மாக் பிடானாலும் நிறுத்த முடியாத ரத்தப்போக்கில் போன ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டைத் தாண்டும்போது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். இன்று அந்தக் கணக்கு, கோவிட் வருஷத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், 30-க்கும் கீழே. கிராமத்துக்குக் கிராமம் கிளினிக் கட்டி, பயிற்சி பெற்ற மருத்துவச்சியை உட்காரவைத்து, பழைய பிடான்களையும் பகைத்துக்கொள்ளாமல், ‘நீங்கள் உருவி விடுங்கள், நாங்கள் பிள்ளை எடுக்கிறோம்’ என்று சமாதானமாக வேலையைப் பிரித்துக்கொண்ட கெட்டிக்காரத்தனம் அது. மலேசியாவையும் இலங்கையையும் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று உலக வங்கி 2003-ல் ஒரு புத்தகமே போட்டது. நாம் எதெதற்கோ மார்தட்டுகிறோம், இதற்குத் தட்டுவதில்லை.

அப்பாவாகும் என் முறை 1981-ல் வந்தது. தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட்டு வேலை. மீசை தடித்திருந்த அளவுக்கு விஷயம் தெரியாத வயது. ‘பிரசவத் திட்டம் என்ன?’ என்று எங்களை யாரும் கேட்கவில்லை, ஆனால் திட்டம் இல்லாமல் இல்லை. என் அம்மாவிடம் ஒன்று இருந்தது, சுங்கைப்பட்டாணியிலிருந்த மாமியாரிடம் இன்னொன்று இருந்தது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. முதல் பிள்ளை தாய்வீட்டில்தான் என்றது ஒரு கட்சி; நம் வீட்டு மருமகளுக்கு நம் மாக் பிடான்தான் உருவவேண்டும் என்றது மறுகட்சி. வளைகாப்பு வரைக்கும் சிரித்துப் பேசிக்கொண்டே நடந்த அந்தப் போரை, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, தீவுக்குப் போங்கள் என்று கிளினிக் மிஸ்ஸி, அதாவது தாதி, ஒரே வரியில் முடித்துவைத்தாள். பிள்ளை சுமந்தவளின் விருப்பத்தை இரண்டு கட்சியும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கலாம் என்பதே அந்தக் காலத்துக் கணவனுக்குத் தோன்றாது.

பாலம் வர இன்னும் நான்கு வருஷம் இருந்தது. கரையிலிருந்து தீவுக்கு ஃபெர்ரிதான், மஞ்சள் பூசிய ஃபெர்ரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தீவின் பெயர்: புலாவ் அங்சா, புலாவ் உண்டான், புலாவ் ரீமாவ். மேல்தட்டில் மனைவியைச் சாய்த்து உட்காரவைத்து, மடியில் பை, பைக்குள் பிளாஸ்க்கு, பழஞ்சேலை கிழித்த துணி, அம்மா கட்டிக்கொடுத்த பூண்டு, மாமியார் கட்டிக்கொடுத்த அதே பூண்டு. கடற்காற்று முகத்தில் அடிக்க, அவள் வலிக்கு நடுவே ‘இந்தக் காத்து நல்லா இருக்குல்ல’ என்றாள். அப்போதெல்லாம் போகத்தான் கட்டணம், திரும்பி வரக் கேட்கமாட்டார்கள் என்பது பட்டர்வொர்த்துக்காரர்களுக்குத் தெரியும். போகும்போது இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு வரும்போது மூன்று பேராகச் சும்மா வரலாம் என்று கணக்குப் போட்டு நான் சொன்ன நகைச்சுவைக்கு அவள் சிரிக்கவில்லை. இன்றுவரை சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், கதவு மூடியது, அதோடு என் பங்கு முடிந்தது. உள்ளே நடந்ததை அவள் எனக்குச் சொன்னதே பல வருஷம் கழித்து: சவரம், எனிமா, மல்லாந்து படு, சத்தம் போடாதே. அந்தக் காலத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் அதுதான் முறை. வெளியே எங்களுக்கோ, உண்மையைச் சொன்னால், திருவிழாக் கூட்டம். தவுக்கே ஒருவர், மீன்பிடிக்கிற மலாய்க்காரர் ஒருவர், பிறையிலிருந்து வந்த லோரி டிரைவர் ஒருவர், நான். பால்டின்னில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கோப்பி கைமாறியது. ஐந்தாவது பிள்ளைக்குக் காத்திருந்த மீனவர் எங்களுக்கெல்லாம் குருவாக அமர்ந்து, பிள்ளை எத்தனை மணிக்கு வரும் என்று கடல் ஏற்றத்தை வைத்துச் சொன்னார். எங்கள் யாருக்கும் ஒத்துவரவில்லை, ஆனால் நேரம் போனது. மிஸ்ஸி கதவைத் திறந்து பெயரைக் கூப்பிட்டால் நாலு பேரும் எழுந்து நிற்போம், யாருக்குப் பிறந்தாலும் கை குலுக்குவோம். அந்த வராந்தாச் சிநேகம் இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது, கேட்டாலும் சொகுசு அறைக்கு விலை சொல்வார்கள்.

நான் வராந்தாவில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த அதே சமயத்தில், 1980-ஐ ஒட்டி, அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பென்னி சிம்கின் என்பவர் தோழி ஒருவரோடு சேர்ந்து, பிள்ளை பெறப்போகிறவள் தனக்கு என்ன வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி மருத்துவரிடம் கொடுக்கலாம் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த யோசனை பசிபிக்கைக் கடந்து மாக் மண்டின் வந்துசேர நாற்பது வருஷத்துக்கு மேலாயிற்று. என் கடைக்குட்டி மகள் அப்படியொரு பிரசவத் திட்டத்தை இரண்டு பக்கத்துக்கு அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, தாய்சேய் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். மங்கலான விளக்கு வேண்டும். இளையராஜா வேண்டும். மல்லாந்து படுக்கமாட்டேன், நடப்பேன், குத்தவைப்பேன். கணவர் பக்கத்தில் இருக்கவேண்டும். அவசியம் இல்லாமல் வெட்டக்கூடாது. கொடியை உடனே அறுக்கவேண்டாம். பிறந்ததும் துடைத்து நெஞ்சில் போடவேண்டும். இதற்காக மருமகன் கட்டிய பிரசவ வகுப்புக் கட்டணத்தில் அன்றைக்கு நான் ஒரு மோட்டர்சைக்கிள் வாங்கியிருப்பேன்.

உறையை வாங்கிப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்றால், விளக்கையும் இளையராஜாவையும் கணவரையும் எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் என் அம்மாவுக்குக் கேட்காமலே கிடைத்தவை. (விளக்கும் மங்கல்தான், அத்தாப்பு வீட்டில் வேறெப்படி இருக்கும்?) எனிமா, சவரம் இரண்டும் வழக்கமாகச் செய்யவேண்டியதில்லை, நிமிர்ந்து நடமாட விடுங்கள், அவள் விரும்பும் ஆள் கூட இருக்கட்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-ல் வழிகாட்டி எழுதியிருக்கிறது. நடுவில் முப்பது நாற்பது வருஷம் என் மனைவி தலைமுறைதான் கட்டிக்கொள்ள அத்தை கழுத்தும் இல்லாமல், விரும்பிய ஆளும் இல்லாமல், கூரையைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தது. மாறிமாறி வந்த இரண்டு நல்ல காலங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள். ஆனாலும் உயிரோடு திரும்பினார்கள், அதை ஒரு தட்டில் வைத்தால் மறுதட்டில் எதை வைத்தாலும் எழும்பாது.

மிஸ்ஸி திட்டத்தை மரியாதையாக முழுவதும் படித்தாள். தமிழ்ப் பெண்தான், என் மகளைவிடச் சின்னவள். படித்து முடித்து, ‘எல்லாம் சரிக்கா. ரத்தம் எவ்வளவு இருக்கு?’ என்றாள். பத்துக்குச் சற்று மேலே இருந்தது, குறைந்தது பதினொன்று வேண்டும். இரும்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? சீனித் தண்ணி குடித்த பரிசோதனை என்னவாயிற்று? நம் இனத்துப் பெண்களுக்கு அந்தச் சீனி சீக்கிரம் ஏறும் அக்கா, சோற்றைக் குறைக்கணும். பிள்ளை ஒரு நாளைக்குப் பத்து முறை உதைக்கிறதா என்று கிளினிக்கின் ரோஸ் நிறப் புத்தகத்தில் குறிக்கிறாளா? மகள் திரும்பி மருமகனைப் பார்க்க, அவர் கைப்பேசியை நீட்டினார். அதில் வரைபடமாகவே இருந்தது. ‘புத்தகத்திலயும் எழுதுங்க அண்ணா, உங்க போனை நாங்க லேபர் ரூம்ல தேடமுடியாது’ என்றாள் மிஸ்ஸி. பிறகு என்னைப் பார்த்து, ‘அங்கிள், முதல் பிள்ளைன்னா ஆஸ்பத்திரிதான், வீட்ல பார்க்கலாம்னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க’ என்று எனக்கும் ஒரு பங்கு வைத்தாள். இந்தத் தோரணையை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். தேங்காய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் அப்பாவை அனுப்பியவர் சீருடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்தியத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் வீட்டுப் பெண்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். 1981-ல் பிள்ளையோடு வீடு திரும்பியதும் வீடே மணத்தது: பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, காயம், சாம்பிராணிப் புகை, நொச்சி போட்ட வெந்நீர். மாக் பிடான் தன் பங்குக்கு வந்து, சூடுகாட்டிய கல்லை நுணா இலையில் சுற்றி வயிற்றில் ஒற்றி, முழம் முழமாகப் பெங்குங் துணியால் இடுப்பைக் கட்டிவிட்டுப் போவார். முடிச்சு போடும்போதே ஊர்க்கதை அத்தனையும் அவிழும். இஞ்சியும் எள்ளெண்ணெயும் போட்ட கோழியைச் சீனக் கிழவி வேலி வழியாக நீட்டினார். மாமியார் அதை வாங்கிக்கொண்டு, பத்தியத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு, தானே சாப்பிட்டார். இன்றைக்கு விரால்மீன் மாத்திரைக் குப்பியில் வருகிறது, வாடையே இல்லை. பெங்குங்கில் ஒட்டுப்பட்டை வைத்திருக்கிறார்கள். ஒருவர் துணையில்லாமல் தானே கட்டிக்கொள்ளலாமாம். அதுதான் முன்னேற்றம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. ஊர்க்கதை சொல்ல ஆள் வராத இடுப்புக்கட்டு எனக்கு முன்னேற்றமாகத் தெரியவில்லை, ஆனால் கட்டியது என் இடுப்பில் இல்லையே.

திட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வலி நள்ளிரவில் எடுத்தது, பிளாஸ்டிக் உறை காடியிலேயே தங்கிவிட்டது, இளையராஜா பாடவில்லை. மருமகன் உள்ளே இருந்தார். மூச்சை இழுத்துவிடு, மூச்சை இழுத்துவிடு என்று வகுப்பில் படித்ததை ஒப்பித்தவரை, படித்த என் மகள் என் அம்மாவிடம் கற்ற எஸ்டேட் தமிழில் ஏசினாளாம். நடந்தாள், குத்தவைத்தாள், யாரும் தடுக்கவில்லை. பேத்தி வந்ததும் நெஞ்சில் போட்டார்கள். பிறகு கொஞ்சம் ரத்தம் கூடுதலாகப் போனது. ஊசி போட்டு, வயிற்றைப் பிசைந்து, பத்து நிமிஷத்தில் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பத்து நிமிஷம் எந்தத் திட்டத்திலும் இல்லை. எங்கள் வரிசையில் போனவளுக்கு அது இல்லாமல்தான் போயிற்று.

2023 தொடக்கத்திலிருந்து தனியார் வேலையில் உள்ள தாய்க்கு 98 நாளும் தந்தைக்கு ஏழு நாளும் விடுப்பு சட்டத்திலேயே இருக்கிறது. எனக்குக் கிடைத்தது ஒரு ஷிப்ட்டு மாற்றம். ஏழு நாள் வாங்குகிற தம்பிகளுக்கு ஒரு கிழவனின் வேண்டுகோள் இதுதான்: அதில் ஒரு காலை நேரத்தைப் பதிவு இலாகாவுக்கு ஒதுக்குங்கள். தோட்டத்திலும் கம்பத்திலும் மருத்துவச்சி கையில் பிறந்து, பதியாமல் விட்டுப்போன நம் பிள்ளைகள் சிவப்பு அடையாள அட்டையோடும், அதுவும் இல்லாமலும் பள்ளிக்கும் வேலைக்கும் அலைந்ததை நாம் பார்த்திருக்கிறோம். இன்னும் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். பிறந்த 60 நாளுக்குள் பதிந்தால் ஒரு காலை வேலை, தாண்டினால் தாமதப் பதிவு, விசாரணை, சாட்சி. விளக்கு, பாட்டு எல்லாம் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசி வரியில் இதையும் எழுதுங்கள். பெயரையும் ஒரு தாளில் எழுத்துக்கூட்டி எழுதி எடுத்துப்போங்கள். வாயால் மட்டும் சொல்லாதீர்கள்.