சதுர அடிக்கு ஒரு பெக்

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் ஜனத்தொகை மூவாயிரத்துச் சொச்சம்; விஸ்கி ஆலைகளோ பத்துக்குப் பக்கம். போர்ட் எலன் ஊரிலிருந்து கிழக்கே நடந்தால் லஃப்ராய்க், லகாவுலின், ஆர்ட்பெக் என்று வரிசையாக வரும். இதற்கென்றே தனி நடைபாதை வேறு. நவக்கிரகத் தலங்களை ஒரே நாளில் முடிக்கிற வேன் பக்தர்களைப் போல, மூன்றையும் முடித்துவிட்டு ஜனங்கள் திருப்தியாகத் தள்ளாடுகிறார்கள்.

பார்லியைச் சதுப்பு நிலக்கரியின் புகையில் உலர்த்துவதால், இங்குள்ள விஸ்கி பலவற்றில் ஆஸ்பத்திரி வார்டு வாசனை அடிக்கும். வீட்டில் டிஞ்சர் பாட்டில் திறந்தாலே மூக்கைப் பொத்துகிறவர், இங்கே காசு கொடுத்து, கண்ணை மூடி, "ஆஹா, அயோடின்!" என்கிறார்.

பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிவிடும். அது தேவதைகளின் பங்காம். வரித்துறையும் அதைக் கழித்துக்கொள்கிறது. மனிதன் குடித்தால்தான் வரி.

கார் ஓட்டி வந்தவர் பாடுதான் பரிதாபம். 2014 டிசம்பர் முதல் ஸ்காட்லாந்தில் 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. ஆல்கஹாலுக்கு மேல் கூடாது. எனவே அவர் பங்கைக் குட்டிப் பாட்டிலில் ஊற்றித் தருகிறார்கள். மருந்துக் கடையிலிருந்து திரும்புகிறவர் முகத்தோடு அவர் அதைப் பையில் வைப்பார்.

லஃப்ராய்க் ஒரு படி மேல். பாட்டில் வாங்கிப் பதிவு செய்தால் ஒரு சதுர அடி நிலம் ஆயுள் குத்தகைக்கு உங்களுடையது. ஆலை உங்களுக்கு ஆண்டு வாடகையாக ஒரு பெக் தரும். வசூலிக்க நிலச்சுவான்தார் நேரில்தான் வரவேண்டும். விமானம், படகு, ஓட்டல் எல்லாம் அவர் செலவு.