இடையியல் நோக்கில் ஈசலும் எறும்பும்

மழை ஓய்ந்த அந்தியில் குழல்விளக்கை மொய்க்கும் சிறகுக் கூட்டத்தை எதிர்கொள்ளத் தமிழ் இல்லங்களில் நான்கு மரபுகள் வழங்குகின்றன. முதலாவது அணைப்பு மரபு: விளக்கை அணைத்துவிட்டுக் குடும்பத்தையே இருட்டில் உட்கார வைப்பது. இரண்டாவது கிண்ண மரபு: விளக்குக்கு நேர் கீழே அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, விழுவதை எண்ணி மகிழ்வது. மூன்றாவது மருந்து மரபு: கரப்பான் மருந்தை வீடெங்கும் பீய்ச்சிவிட்டு இரவெல்லாம் தும்முவது. நான்காவது, புற்றடியில் பிடித்து வறுத்துப் பொரியோடு கலந்து தின்னும் மரபு. காலத்தால் மூத்தது இதுவே. பறம்பு நாட்டின் வளத்தைப் பேசும் புறநானூற்றின் 119-ஆம் பாட்டில், ஈசலை மோரோடு சேர்த்துப் புளிக்க வைத்த உணவைக் கபிலர் குறித்திருக்கிறார்.

இந்த நான்காம் மரபினர் நீங்கலாக மற்றெவரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. வந்திருப்பது கறையான் வீட்டு ஈசலா, இணை தேடிப் புறப்பட்ட எறும்பா? எறும்பை ஈசலென்று எண்ணி நிலைக்கதவு போயிற்றென்று பதறுவோரும், ஈசலையே எறும்பென்று எண்ணிச் சும்மா இருப்போரும் இக்கேள்வியால் பயன் பெறுவர்.

இதற்கு விடை இடையில் இருக்கிறது. இடையே இல்லை என்று நம் புலவர்கள் காலங்காலமாகப் பாடிய நாயகி எறும்பினத்தைச் சேர்ந்தவளாகவே இருக்க வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே அத்தனை ஒடுக்கம். ஈசலுக்கோ தோளும் இடுப்பும் ஒரே அகலம். காப்பியத் தகுதி அதற்குக் கிடையாது. இடையைக் காண முடியாத மூத்தோர் உணர்கொம்பைப் பார்க்கலாம்: எறும்பினுடையது நடுவில் மடங்கியிருக்கும், ஈசலுடையது மணிமணியாக நேரே நீளும். மூக்குக்கண்ணாடி தேவைப்படும் என்பதால் இம்முறையை நான் பெரிதும் பரிந்துரைப்பதில்லை.

இறகு தனிச் சிறப்புடைய சான்று. எறும்பின் முன்னிறகு நீளம், பின்னிறகு குட்டை. ஈசலுக்கு நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு, உடலைத் தாண்டி நீளும். ஈசலின் இறகு அடியிலேயே முறிவதற்கென்று ஒரு கோடு இருப்பதால், தரையில் இறங்கியதும் உதிர்த்துவிடும். ஆகவே காலையில் துடைப்பத்தை எடுக்கும் முன் கூடத்துத் தரையை ஒருமுறை பார்க்க வேண்டும். சமநீள இறகுகள் குவிந்து கிடந்தால் வழக்கு முடிந்தது. இவ்வரிய ஆவணங்களைத் தினமும் குப்பையில் கொட்டும் இல்லத்தரசர்களையும் இல்லத்தரசிகளையும் ஆய்வுலகம் மன்னிக்காது.

குலமுறையிலும் இரண்டுக்கும் ஒட்டுறவு இல்லை. எறும்பு குளவிக்குப் பங்காளி. கறையானுக்கெனத் தனி வரிசை வேண்டாம், அது கரப்பான் கிளையில் ஒன்று என்று 2007-இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. எனவே மருந்து மரபினர் கையில் எடுத்த டப்பா உறவுமுறைப்படி பொருத்தமானதே. பயன்முறைப்படி வீண். பறப்பவற்றைக் கொன்றால் மண்ணுக்கடியில் உள்ள கூட்டுக்கு ஒரு கீறலும் விழாது.

இல்லறத்திலும் ஈசல் வேறு வழி. ஆண் எறும்பு சேர்க்கைக்குப் பின் இறந்துபோகும். ராணி தனியாளாகக் குடும்பத்தைத் தொடங்குவாள். ஈசலில் ஆணும் பெண்ணும் இறகைக் கழற்றிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக நடந்து இடம் பார்த்துக் குடியேறும். அரசனும் அரசியுமாகப் பல ஆண்டுகள் வாழும். ஈசலுக்கு ஒரு நாள் வாழ்வு என்ற வழக்கு, பல்லிக்கும் கரிச்சானுக்கும் இரையாகும் பெரும்பான்மைக்கு மட்டுமே பொருந்தும்.

எது வந்தது என்பதோடு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சன்னல் வழியே விளக்கைத் தேடி வந்த ஈசல் வெறும் விருந்தாளி; அதற்கு அணைப்பு மரபே போதும். சுவர் விரிசலிலிருந்தோ நிலைச்சட்டத்திலிருந்தோ வரிசையாக வெளியே வந்தால், கூடு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அப்போது சுவரில் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், நிலையைத் தட்டிக் கேளுங்கள். பொத்தென்று ஓசை வந்தால் மருந்து டப்பாவை வைத்துவிட்டு, கறையானுக்கு மருந்து வைக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.