ஷட்டர் யார் கையில்?

திண்டுக்கல்லுக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தைப் பார்த்திருந்தால், சர்வதேச உறவுப் பேராசிரியர்களுக்குப் புத்தகச் செலவு மிச்சம்.

மழை பொய்த்தால் அங்கே குடகனாற்றில் மேல்மடைக்காரர் வல்லரசு. கடைமடைக்காரர் மனு எழுதும் குட்டிநாடு. அதிகாரமே அரசியல் என்று 1948இல் சர்வதேச உறவு அறிஞர் மார்கெந்தாவ் தடித்த நூலில் நிறுவினார். இங்கே அது ஷட்டர் திருகும் கம்பி.

ஒத்துழைப்பை நம்பும் தாராளவாதிகளுக்கு 2019 இருக்கிறது. சென்னை வறண்ட அந்த ஜூனில், ரயிலில் 20 லட்சம் லிட்டர் தருவதாகக் கேரளம் சொன்னது. இப்போதைக்கு வேண்டாம் என்றது தமிழகம். மறுநாள் முதல்வர் பழனிசாமி, தினமும் தந்தால் நல்லது என்றார். பேச்சோடு பேச்சாக முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினையையும் இழுத்தார். தாகத்திலும் ராஜதந்திரம்!

ஜூலை 12இல் 25 லட்சம் லிட்டரோடு சென்னைக்கு ரயில் வந்தது, கேரளத்திலிருந்து அல்ல, தமிழகத்தின் ஜோலார்பேட்டையிலிருந்து.