சிப்பிக் கோட்பாட்டின் வழி ‘சிங்கம்’ மூன்றாம் பாகம்: ஒரு கடற்கரை ஆய்வு

மன்னார் வளைகுடா முத்துச்சிப்பிக்கு நாலைந்து வயதுதான் பருவம். ஏழை நெருங்கினால் சிப்பி செத்து, முத்து மணலோடு போய்விடும். ஆகவே அந்நாளில் அரசாங்கம் நினைத்தபோதெல்லாம் சிலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அறிவித்துவிடாது. முதலில் சிப்பி விளையும் கடலடிப் பாரில் ஆளிறக்கிக் கொஞ்சம் சிப்பி எடுப்பார்கள். அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துக்கு விலை போட்டு, கட்டுப்படியானால்தான் குளிப்பு. இந்த ஒழுங்கு சினிமாவில் அடுத்த பாகம் எடுப்பவர்களுக்கும் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

மாதிரி: இயக்குநர் ஹரியின் ‘சிங்கம்’ (2010). ஆச்சி முதல் பேரன் வரை ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்த படம். நிபந்தனை ஜாமீனில் வந்த மயில்வாகனம், தூத்துக்குடிப் பக்கத்து நல்லூர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேறு ஆளை அனுப்புகிறான். சம்பந்தப்பட்டவனே வரவேண்டும் என்று நிற்கிறார் எஸ்.ஐ. துரைசிங்கம். சென்னைத் தாதா 600 கிலோமீட்டர் இறங்கிவந்து போட்ட அந்தக் கையெழுத்துதான் படத்தின் ஆணிமுத்து. இதிலிருந்து ஒரு துணைவிதி: எதிரி ஊருக்கு வரவேண்டும், சிங்கம் எதிரியைத் தேடி அலையக்கூடாது.

2013-இல் வந்த இரண்டாம் பாகத்தில் வில்லன் டேனி கப்பலேறி நம் கடலுக்கே வந்தான். சிங்கமும் பள்ளிக்கூட என்.சி.சி. மாஸ்டராக ஊரிலேயே இருந்தார். கடைசியில் தென்னாப்பிரிக்கா போனதை, சிப்பிக்கு மூன்றே வயது என்பதால் மன்னிக்கலாம்.

2017 பிப்ரவரியில் வந்த மூன்றாம் பாகத்துக்கோ கிட்டத்தட்ட ஏழு வயது. களம் விசாகப்பட்டினம், வில்லன் ஆஸ்திரேலியாவில். விசாகப்பட்டினத்திலும் துறைமுகம் உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் அங்கே “ஏலே” என்று கூப்பிட்டால் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தேவிஸ்ரீபிரசாத் போய் ஹாரிஸ் ஜெயராஜ் வந்தார். குறைந்ததை ஈடுகட்டச் சத்தமும் வேகமும் கூடின; வசனம் காதில் விழுமுன் அடுத்த காட்சி வந்துவிடுகிறது.

இந்தி ‘சிங்கம்’ (2011) இந்த ஆய்வில் சேராது. கதையை கோவாப் பக்கம் கொண்டுபோய் அஜய் தேவ்கனை வைத்து வளர்த்தது வளர்ப்பு முத்து. அந்த வித்தையை 1973-லேயே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் செய்துகாட்டிவிட்டார்கள்.

ஒப்பீட்டுக்கு, அதே ஹரியின் ‘சாமி ஸ்கொயர்’ (2018). ‘சாமி’ வந்தது 2003-இல். ஆக, பதினைந்து வயதுச் சிப்பி. த்ரிஷா இருந்த இடத்தில் ஐஸ்வர்யா ராஜேஷ். மதிப்பீட்டுக்கு அழுகவிட வேண்டிய வேலைகூட மிச்சம்.

விதியை உறுதிசெய்ய ‘சிங்கம்’ நான்காம் பாகம் தேவைப்படும். ஆய்வாளருக்கு அவசரமில்லை.