பாஸ்வேர்டு பெரியப்பா

என் அண்ணன், அதாவது வீட்டுக் குழந்தைகளின் பெரியப்பா, சோபாவில் உட்காருவதற்குள் பரீட்சை ஆரம்பமாகிவிடும். “குட்டி, உன் டேப்ளெட் பாஸ்வேர்டு என்ன?” குழந்தை சொல்லிவிட்டால் போச்சு. “யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு போன தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?” சொல்லாமல் நின்றாலும் தப்பு: “பெரியவங்க கேட்டா பதில் சொல்லத் தெரியாதா?” இதில் தேறிய குழந்தை எங்கள் குடும்பத்தில் இல்லை. எல்லோரையும் ஃபெயிலாக்கிவிட்டு, காபியை ஒரு வாய் உறிஞ்சி, சமையற்கட்டுப் பக்கம் குரல் கொடுப்பார்: “வைஃபை பாஸ்வேர்டு மாத்திட்டீங்களாம்மா?”

பெரியப்பாவுக்கு விஷயம் தெரியாது என்று நாக்கூசாமல் சொல்ல முடியாது. இணையத்தில் பணம் பறிபோனால் 1930, குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098, ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தூங்குகிறவர்களை எழுப்பியும் சொல்வார். 2018-இல் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே சமயத்தில் 5 பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாமல் ஆக்கியதை மட்டும் அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

வினை எல்லாம் அவர் படம் எடுக்கப் போனைக் குறுக்காகப் பிடிக்கும்போதுதான். வீட்டில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் வந்தால் போதும், முந்தின ராத்திரியே வாசகம் எழுத உட்கார்ந்துவிடுவார். என் மகளுக்கு எழுதியதில் ‘எங்கள் குலவிளக்கு’ என்று தொடங்கி, இனிஷியலோடு பெயர், பிறந்த தேதி, நட்சத்திரம், வகுப்பு, பிரிவு, பள்ளி, பள்ளி இருக்கும் தெரு. படத்தில் சீருடை. கழுத்தில் அடையாள அட்டை. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ரத்த வகை, வீட்டு முகவரி, என் செல் நம்பர், வேன் நம்பர் எல்லாம் கண்ணாடி போடாமலே தெரிந்தது. புது போன், கேமரா அப்படி. ஃபேஸ்புக்கில் உலகமே பார்க்கும்படி போட்டிருந்தார். சாயங்காலமே ஒரு டியூஷன் சென்டர்காரர் கூப்பிட்டார்: “பாப்பா ஆறாவது ‘பி’தானே சார்?”

அந்தப் படத்தில் டேக் செய்ய வசதியாக அவளுக்கும் ஒரு கணக்குத் திறந்திருக்கிறார். 13 வயது ஆகாமல் ஃபேஸ்புக் விடாது. அதனால் 2001-இல் பிறக்க வைத்துவிட்டார். என் கல்யாணத்துக்கு முன்பே எனக்கு மகள்! “நெட்ல பொய் சொல்லக் கூடாது கண்ணு” என்பது அவர் வகுப்பின் மூன்றாவது பாடம்.

“எடுக்கச் சொல்லுப்பா, கிளாஸ்ல எல்லாரும் ‘குலவிளக்கு’ன்னுதான் கூப்பிடறாங்க” என்று அவள் அழுதாள். அண்ணனிடம் சொன்னேன். எடுத்தார், மூன்று நாள் கழித்து. “என் தம்பி பொண்ணு படத்தைப் போட எனக்கு உரிமை இல்லையாடா?” என்றார். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாள நிறுவனங்கள் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. பெரியப்பாக்களைப் பற்றி அது மூச்சுவிடவில்லை. குழந்தைக்கு ஆயிரம் புத்தி சொல்கிறோம், அவள் முகத்தை ஊருக்குக் காட்டுமுன் அவளை ஒரு வார்த்தை கேட்க நமக்கு வாய் வருவதில்லை. இதில் எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

ஆனால் ஒன்று. டேப்ளெட்டில் ஏதோ விளையாட்டின் நடுவே எவனோ ஒருவன் ‘உன் போட்டோ அனுப்பு, வீட்டில் சொல்லாதே’ என்று எழுதியபோது அவள் ஓடியது என்னிடம் இல்லை, அவரிடம். மனுஷர் ஒரு அதட்டல் போடவில்லை. “அழிச்சிடாதே, அதுதான் சாட்சி” என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஆளை பிளாக் பண்ணி, சைபர் கிரைம் தளத்தில் புகாரும் பதிந்துவிட்டு, அப்புறம்தான் எனக்கு போன் செய்தார். நானாக இருந்தால் முதலில் டேப்ளெட்டைப் பிடுங்கியிருப்பேன்.

போன வாரம் வேனிலிருந்து இறங்கியவளை வாசலிலேயே நிறுத்தி போனைத் தூக்கினார். அவள் சட்டென்று அட்டையைத் திருப்பிக்கொண்டாள்.

“ஏன் கண்ணு திருப்பிட்ட?”

“தெரியாதவங்களுக்கு நம்ம விவரம் போகக் கூடாதுன்னு நீங்கதானே பெரியப்பா சொன்னீங்க?”

அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “சபாஷ்டா தங்கம்! இரு, இதை அப்படியே இன்னொரு தடவை சொல்லு, வீடியோ எடுத்துக்கறேன். முதல்ல பேரு, கிளாஸ், ஸ்கூல் சொல்லிட்டு ஆரம்பி.”